திருப்தியும் தவமும்

போதும் என்ற மனத்தைப் பொன் செய்யும் மருந்தாகக் கொண்டாடிய நாடு நம்முடையது. கங்கையைப் பூமிக்குக் கொண்டுவருவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தவம் கிடந்த ஓர் அரச வம்சத்தின் கதையைச் சொல்லி, அதில் கடைசியாக நின்று காரியத்தைச் சாதித்த பகீரதனின் பெயரையே விடாமுயற்சிக்கு மறுபெயராக வழங்கி வருவதும் இந்த நாடுதான். ஒரு குழந்தைக்கு இவ்விரண்டையும் ஒரே பாட்டி, ஒரே திண்ணையில், ஒரே மாலையில் சொல்லிக் கொடுத்துவிட முடியும்; கேட்கிற குழந்தைக்கும் அதில் முரண்பாடு எதுவும் தோன்றாது. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து, ஒரு கலையையோ தொழிலையோ கைக்கொண்டு, பல வருஷ காலம் உழைத்து, ஓரளவு தேர்ச்சியும் ஓரளவு பெயரும் பெற்று, இனி மேலே ஏறுவதா, இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் வேளை வரும்போது, பாட்டி சொன்ன இரண்டில் எதைப் பற்றிக்கொள்வது என்ற சங்கடம் உண்மையாகவே எழுகிறது. எல்லாத் துறைகளிலும் எழக்கூடிய சங்கடந்தான் இது. ஆயினும் சங்கீதத்தில் அது வெளிப்படுகிற அளவுக்கு வேறெங்கும் வெளிப்படுவதில்லை என்பது என் எண்ணம். ஏனெனில் ஒருவன் தன் முயற்சியை எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டான் என்பதை அவன் ஆலாபனையே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது.

தேவகிரி யாதவ மன்னர்களின் ஆதரவில் 13-ஆம் நூற்றாண்டில் 'சங்கீத ரத்னாகரம்' என்ற மகா கிரந்தத்தை இயற்றிய சார்ங்கதேவர், பாடகர்களை உத்தமர், மத்தியமர், அதமர் என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார். நமது பழைய சாஸ்திரகாரர்களுக்கு எதைக் கண்டாலும் மூன்றாகப் பிரித்துவிடுவதில் ஒரு தனி ஆனந்தம் உண்டாகையால், இதையும் அந்த வழக்கத்தில் சேர்த்துவிட்டு மேலே போய்விடலாம் என்றே முதலில் தோன்றும். ஆனால் மத்தியமனுக்கு அவர் கூறும் லக்ஷணம் வாசகனை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அதமன் தோஷமுள்ளவன், அதில் வியப்பில்லை. உத்தமன் எல்லாக் குணங்களும் நிரம்பியவன், அதிலும் வியப்பில்லை. மத்தியமனோ தோஷமே இல்லாதவன்! அவனிடம் சில குணங்கள் குறைகின்றன, அவ்வளவே. சுருதி விலகாமல், தாளம் தவறாமல், சாஹித்யத்தைச் சிதைக்காமல், ராகத்தில் அன்னிய ஸ்வரம் தலைகாட்டாமல் பாடிவிட்டு, ஒருவர் கண்டித்துச் சொல்வதற்கு இடமே கொடாமல் எழுந்து போகிறவனை அவர் நடு வரிசையில் உட்கார்த்தி வைக்கிறார். சாமானியமான நிலையில் அமைந்துவிடுவதில் உள்ள அபாயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தப்புச் செய்கிறவனைத் திருத்தக் குரு இருக்கிறார், பக்கவாத்தியக்காரர் முகஞ்சுளிக்கிறார், பத்திரிகைக்காரர் எழுதுகிறார். தப்பே செய்யாதவனை யார் திருத்துவது?

உதாரணத்துக்குத் தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரம் சாதாரண காந்தாரம் என்பது ஏட்டிலுள்ள விஷயம். ஆனால் அந்த ஸ்தானத்தில் குரலை அசையாமல் நிறுத்திப் பாடுகிறவனுக்குத் தோடி கிடைப்பதில்லை. ரிஷபத்தை ஒட்டிக் கிளம்பி, மத்தியமத்தின் சாயலைத் தொட்டு, திரும்பவும் இறங்கி, அந்த அசைவின் நடுவிலேயே தன்னை உணர்த்திக்கொள்ளும் ஒரு கம்பிதந்தான் அந்தக் காந்தாரம். எவ்வளவு அகலம் அசைப்பது, எங்கே தாமதிப்பது, எந்தச் சஞ்சாரத்தில் அதைச் சுருக்குவது என்பவற்றை எழுதி வைக்க முடியாது. கேட்டுக் கேட்டுப் பாடிப் பாடிப் பெற வேண்டும். புத்தியுள்ள மாணவன் சில வருஷங்களில், கேட்டவர்கள் 'தோடி' என்று கண்டுகொள்ளும்படி அதைப் பாடிவிடுவான். அங்கிருந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தமது நாகஸ்வரத்தில் கோயில் உற்சவங்களின்போது இரவு நெடுநேரம் வாசித்துக் காட்டிய தோடிக்குப் போகிற வழியில் மைல்கற்கள் கிடையாது, பரீக்ஷை கிடையாது, தேறினாய் என்று சொல்ல ஆளும் கிடையாது. முதல் பாதியைக் கடந்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், இரண்டாம் பாதியில் கால் வைக்கிறவர்கள் மிகச் சிலரே. அவர்களிலும் பலருக்குத் தாங்கள் அதில் நடந்துகொண்டிருப்பதே தெரியாது. முன்னேற்றம் என்பது அங்கே அவ்வளவு மெல்ல வருகிறது.

இதற்கு இன்றைய சங்கீத உலகின் ஏற்பாடுகளும் ஓரளவு உடந்தையாக இருக்கின்றன. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் தமது சௌந்தரிய உணர்ச்சியால் வகுத்துக்கொண்ட கச்சேரி பத்ததி, வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனங்களில் சபையைத் தன்வசமாக்கி, விஸ்தாரமான ஒரு ராகத்தையும் கிருதியையும் நடுவில் வைத்து, தனி ஆவர்த்தனமும் பல்லவியும் முடிந்தபின் துக்கடாக்களுடன் மங்களம் பாடுவது, அவர் கையில் ஒரு சிருஷ்டியாக இருந்தது. பின் வந்தவர்களில் பலருக்கோ, அதுவே ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் கரை சேர்த்துவிடும் வாகனமாகிவிட்டது. வித்வான் விசேஷமாக ஒன்றும் செய்யாமலே கச்சேரி ஒழுங்காக முடிந்துவிடுகிறது. போதாததற்கு, வானொலி நிலையத்தார் வித்வான்களைக் காப்பிக்கொட்டைபோல் 'பி', 'பி ஹை', 'ஏ', 'ஏ டாப்' என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு அது அவசியந்தான். சன்மானத்தைக் கணக்கிட ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? ஆனால் கணக்குப் புத்தகத்துக்காக ஏற்பட்ட அந்த எழுத்து நாளடைவில் மனிதனுடைய மனத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, 'நீ இன்னது' என்று அவனுக்கே சொல்லத் தொடங்கிவிடுகிறது. மேல் தரம் கிடைக்கவில்லையே என்று ஏங்குவதும், கிடைத்த பிறகு இனிக் கற்க ஒன்றுமில்லை என்று ஓய்வதும் ஒரே வியாதியின் இரண்டு குறிகள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அளவுக்கு மிஞ்சிய ஆசையைத்தானே நமது ஞானிகள் எல்லாரும் கண்டித்தார்கள்? நடுவழியே நல்வழி என்று புத்தர் பெருமான் போதிக்கவில்லையா? உயர்வு உயர்வு என்று ஓடுகிறவன் கடைசியில் உடம்பையும் குடும்பத்தையும் கெடுத்துக்கொண்டு நிற்கிறானே, அவனைவிடத் தன் சக்தியறிந்து மட்டாக வாழ்கிறவன் விவேகியல்லவா?

புத்தர் அந்த நடுவழியை ஒரு வீணைக்காரனுக்குச் சொன்னார் என்பதை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். சோணன் என்பவன் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் ரோமம் முளைத்திருக்கும் அளவுக்குத் தரையில் கால் பாவாமல் வளர்ந்தவன் என்று பாலி நூல்கள் அவனை வர்ணிக்கின்றன. அவன் சங்கத்தில் சேர்ந்து, உலாவியபடியே செய்யும் தியானத்தில் வெறிகொண்டு முனைந்ததில், நடந்த தடமெல்லாம் ரத்தமாயிற்று. அத்தனை செய்தும் சித்தி கிட்டாததைக் கண்டு மனம் சலித்து, வீட்டில்தான் வேண்டிய சொத்து இருக்கிறதே, திரும்பிப் போய் அதை அனுபவித்துக்கொண்டு தான தர்மங்கள் செய்து வாழ்ந்தால் என்ன என்று எண்ணத் தலைப்பட்டான். இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். அவன் பாவம் செய்யப் போகவில்லை; மிகவும் மரியாதையான ஒரு வாழ்க்கைக்குத்தான் திரும்பப் பார்த்தான். சார்ங்கதேவருடைய மத்தியமனைப் போல அவனும் தோஷமற்றவனாகவே இருந்திருப்பான். அந்த வேளையில் புத்தர் அவனிடம் வந்து, இல்லறத்தில் இருந்தபோது அவன் வீணை வாசிப்பதில் வல்லவனல்லவா என்று விசாரித்து, தந்தியை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் நாதம் இனிமையாக எழுமா என்று கேட்டு, முயற்சியையும் அவ்வாறே சமனாகச் சேர்த்துக்கொள்ளும்படி உபதேசித்தார்.

சோணனுக்கு இது உடனே விளங்கியிருக்கும், விளங்காதவர்கள் நாம்தான். முறுக்கலுக்கும் தளர்ச்சிக்கும் நடுவே இருப்பது சௌகரியமாகச் சாய்ந்துகொள்வதற்கான ஒரு விசாலமான திண்ணை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தம்புரா கூட்டத் தெரிந்தவர்களைக் கேட்டால் உண்மை தெரியும். பிருடையைத் திருப்பிப் பஞ்சமத் தந்தியை ஓரளவு சேர்த்துவிடலாம். பிறகு மணிக்காயை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, குதிரையின் மேல் ஜீவாளி நூலைச் சரிசெய்து, மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழுந்து ஒலிக்கிற அந்த ஒரே இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் காது படுகிற பாடு கொஞ்சமல்ல. அந்த இடத்துக்கு இப்புறமும் அப்புறமும் தவறுவதற்கு எல்லையற்ற வழிகள் உண்டு. சரியாக அமைவதற்கு ஒன்றுதான் உண்டு. இப்போது மின்சார சுருதிப் பெட்டி வந்து, விசையைத் திருப்பினால் வேண்டிய சுருதி கிடைத்துவிடுகிறபடியால், பல இளைஞர்களுக்கு இந்தக் கஷ்டமும் இல்லை, அதிலிருந்து வரும் காதும் இல்லை. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் ஒழுக்கத்தை மிகைக்கும் குறைவுக்கும் நடுவே வைத்தவர். அவரே, மேன்மையை நோக்க அந்த நடு ஒரு சிகரம் என்றும் கூறிவிட்டுத்தான் மேலே போனார். சோணனும் வீடு திரும்பவில்லை. தந்தியைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து அரஹந்த நிலையை அடைந்தான். நடுவழி என்பதை முயற்சியிலிருந்து விடுதலையாக அவன் எடுத்துக்கொண்டிருந்தால் அவன் பெயரே நமக்குத் தெரிந்திராது.

ஆகவே புத்தரைத் துணைக்கழைப்பதால் சாமானியத்துக்கு அனுகூலம் ஏற்படவில்லை. ஆனாலும் திருப்தியின் கட்சி இன்னும் தோற்றுவிடவில்லை. அது இன்னும் பெரிய சாட்சியை அழைக்கலாம். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் நியமங்களாக ஐந்தைச் சொல்கிறார்: சௌசம், சந்தோஷம், தபஸ், ஸ்வாத்தியாயம், ஈசுவரப் பிரணிதானம். இரண்டாவதாகிய சந்தோஷம் என்பது நாம் பண்டிகையன்று அடைகிற குதூகலமன்று. வந்தது போதும் என்ற நிறைவு. அதனால் ஈடிணையற்ற சுகம் உண்டாகிறது என்று பின்னால் பலனும் சொல்கிறார். ஆனால் அதற்கு அடுத்த சொல்லே தபஸ்! போதும் என்று சொன்ன மூச்சிலேயே, போதாது, இன்னும் காய்ச்சு, இன்னும் உருக்கு என்கிறார். சூத்திரகாரர்கள் அரை மாத்திரையை மிச்சப்படுத்துவதில் பிள்ளைப்பேற்று ஆனந்தம் கொள்கிறவர்கள் என்று இலக்கணக்காரர்கள் சொல்வதுண்டு. அப்படிப்பட்டவர் ஒன்றுக்கொன்று பகையான இரண்டை யோசனையில்லாமல் அடுத்தடுத்து வைத்திருப்பாரா? அப்பியாசம் எப்போது உறுதிப்படும் என்பதற்கு, நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையோடு செய்யும்போது என்று வேறோரிடத்தில் இலக்கணம் வகுத்தவரும் அவரே.

எனக்குத் தோன்றுகிற சமாதானம் இது. சந்தோஷம் வரவைப் பற்றியது. தபஸ் செயலைப் பற்றியது. உலகம் நமக்கு எதைக் கொடுத்ததோ அதில் திருப்தி வேண்டும். நாம் உலகத்துக்கு எதைக் கொடுக்கிறோமோ அதில் திருப்தி கூடாது. நாமோ இந்த இரண்டு மருந்துகளையும் மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். சன்மானம் போதவில்லை, சபாக்காரர் நல்ல நாள் கொடுக்கவில்லை, பட்டம் வர வேண்டிய வருஷத்தில் வரவில்லை என்ற குறைகளிலெல்லாம் நமது அதிருப்தி பகீரதப் பிரயத்தனம் செய்கிறது. பாடிய பைரவியில் மட்டும், பரவாயில்லை, நன்றாகத்தான் அமைந்தது என்ற பரம சந்தோஷம் குடிகொண்டிருக்கிறது.

மருந்துகளை மாற்றாமல் உட்கொண்டவர் எப்படி வாழ்ந்திருப்பார் என்று கேட்டால், திருவையாற்றில் வாழ்ந்த ஒருவரை எளிதில் சுட்டிக் காட்டலாம். 1767-இல் பிறந்து 1847-இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகள், உஞ்சவிருத்தியில் கிடைத்த அரிசியைக் கொண்டு அன்றாடம் குடும்பத்தை நடத்தினார் என்பதும், தஞ்சை அரண்மனையின் அழைப்பை மறுத்தார் என்பதும், கல்யாணி ராகத்தில் 'நிதி சால ஸுகமா' என்ற கிருதி அந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்ததென்று சம்பிரதாயம் சொல்வதும் எல்லாரும் அறிந்தவை. கதாகாலட்சேபங்களில் கேட்டுக் கேட்டு இந்தப் பகுதி நமக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அவருடைய சந்தோஷத்தைப் பேசுகிற அளவுக்கு அவருடைய அதிருப்தியை நாம் பேசுவதில்லை. அது எங்கே இருக்கிறது என்றால் சங்கதிகளில் இருக்கிறது.

கரகரப்பிரியாவில் 'சக்கனி ராஜ' கிருதியின் பல்லவியை நல்ல பாடாந்தரத்தில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதலில் பல்லவி வரி ஏறக்குறைய ஆபரணமில்லாமல் வருகிறது. அதுவே முழுமையானது, அதோடு நிறுத்தி அனுபல்லவிக்குப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வரி மறுபடி வரும்போது ஓரிடத்தில் மட்டும் ஒரு சிறு வளைவு சேர்கிறது. அடுத்த முறை, அந்த வளைவை வைத்துக்கொண்டே இன்னோரிடம் மலர்கிறது. இப்படிப் படிப்படியாக விரிந்து, கடைசிச் சங்கதி வரும்போது, முதலில் கேட்ட அந்த எளிய வரிக்குள் இத்தனையும் அடங்கிக் கிடந்தனவா என்ற பிரமிப்பு உண்டாகிறது. இவை யாவும் சுவாமிகள் செய்தவையே என்று சொல்வதற்கில்லை. சிஷ்ய பரம்பரையினரும் பின் வந்த வித்வான்களும் சேர்த்தவை பல. அதுவும் என் கட்சிக்கே அனுகூலம், ஏனென்றால் ஒருவருடைய போதாமையுணர்ச்சி அவருக்குப் பின்னும் பல தலைமுறைகளை உறங்கவிடாமல் வேலை வாங்கியிருக்கிறது. மேலும் ஒன்று உண்டு. ஒரு சங்கதி பிறந்ததும் முந்தியதைத் தள்ளிவிடுவதில்லை. அதையும் பாடி, அதன் வழியாகவே வருகிறது. முந்தியது பிழை என்று அது சொல்லவில்லை. முந்தியது முடிவல்ல என்று மட்டுமே சொல்கிறது. செய்ததை வெறுக்காமலே செய்ததற்கு அப்பால் போவது எவ்வாறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாஸ்திரம் ஒன்றை நான் படித்ததில்லை. இக்காலத்தில் சிலர் நேரத்தைச் சுருக்குவதற்காக முதற் சங்கதியிலிருந்து கடைசிச் சங்கதிக்குத் தாவிவிடுகிறார்கள். அதை என்னவென்று சொல்வது! சிகரத்தில் விமானத்தில் இறங்கினவன் மலை ஏறியவனாகிவிடுவானா?

மகான்களின் உதாரணத்தைச் சொன்னதும், அவர்கள் அவதார புருஷர்கள், நமக்கென்ன என்று கையைக் கழுவிவிடுவது மிகவும் சுலபம். எனவே மனிதர்களுக்கு இறங்கி வருவோம். ஈசுவரன் எல்லாருக்கும் ஒரே மாதிரி சாரீரத்தைக் கொடுக்கவில்லை. டைகர் வரதாச்சாரியாருக்கு வாய்த்த குரல் கேட்டவுடன் மயங்கும்படியான குரலல்ல. இருந்தும் அவருடைய மனோதர்மத்தின் பெருக்கைக் கேட்டவர்கள் குரலை மறந்தார்கள், மூத்த வித்வான்களே அவரிடம் சிஷ்யர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ள விரும்பினார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கும் இயற்கை கருணை காட்டவில்லை. முரண்டு பிடித்த சாரீரத்தை அவர் அசுர சாதகத்தால் பணிய வைத்து, 1947-இல் சங்கீத வித்வத் சபையின் 'சங்கீத கலாநிதி' விருதைப் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதுகூட நிரம்பவில்லை. இவ்விருவரும் தங்கள் சாரீரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, பழியை அதன் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். குணக்குறைவுள்ளதாயினும் ஸ்வதர்மமே மேலானது என்று கீதாசாரியன் அர்ச்சுனனுக்குச் சொன்ன வாக்கியத்தைச் சோம்பேறிகள் பலர் தங்கள் சாசனமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பிறருடைய குரலுக்கு ஆசைப்படாதே, உன்னுடையதைக் கொண்டே போரிடு என்பதல்லவா அங்கே உத்தரவு? அவன் சொன்னது போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்டுவிட்ட ஒருவனிடம் என்பதையும் மறக்கலாகாது.

புகழும் மேன்மையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தமது சிறிய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பதைக் கேட்க வந்தவர்கள் ஒரு கூடத்தில் அடங்கியவர்கள்தான். மீட்டுக் கம்பியில்லாமல் வெறும் விரலால் எழுப்பிய அந்த மெல்லிய நாதத்துக்கு இடையூறாகச் சிறு சலசலப்பும் கூடாது என்பது அங்கே சட்டம். ஆயிரக்கணக்கானவர்களின் கரகோஷத்தை அவர் அவாவியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அந்நாளைய பெரிய வித்வான்கள் பலர் இருந்தார்கள் என்பதும், அவருடைய பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோர் வழியாக அந்தப் பதங்களும் அந்தச் சுத்தமும் நம் காலம் வரையில் வந்தன என்பதும் சரித்திரம்.

மேன்மையைத் தேடுவதில் உள்ள ஆபத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு இரண்டு முகங்கள். ஒன்று கர்வம், மற்றது நிராசை. இவ்விரண்டையும் ஒரே சம்பவத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் ஒரே விடையையும் சொல்லிவிட்டவர் சேக்கிழார்.

திருஎருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர், ஞானசம்பந்தர் பாடும் பதிகங்களை யாழில் இசைத்துக்கொண்டு அவருடன் தலந்தோறும் சென்றவர். தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்துக்கு வந்தபோது அவருடைய சுற்றத்தார், இவர் யாழில் ஏற்றி வாசிப்பதனால்தான் பதிகங்கள் உலகில் பரவுகின்றன என்று பெருமை பேசினார்கள். உறவினர் என்றால் அப்படித்தான். எந்த ஊரிலும், எந்த நூற்றாண்டிலும் அவர்கள் மாறியதில்லை. சாமானிய மனிதனாக இருந்தால் அடக்கமாகப் புன்னகை செய்து அந்தப் புகழை உள்ளுக்குள் வாங்கி வைத்துக்கொண்டிருப்பான். யாழ்ப்பாணரோ நடுநடுங்கிப் போய்ச் சம்பந்தரை வணங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தம்முடைய தோல்வியைத் தாமே கேட்டு வாங்கிய கலைஞர் உலகத்தில் வேறு எத்தனை பேர் இருப்பார்கள்! சம்பந்தர் பாடினார். அதுவே யாழ்மூரிப் பதிகம். ஓதுவார்கள் இன்று அதை அடாணாவில் பாடுகிறார்கள். யாழ்ப்பாணர் வாசிக்க முயன்றார். நரம்பில் அது அகப்படவில்லை. இந்தக் கருவியைத் தொட்டதனாலல்லவா இந்த அபசாரம் நேர்ந்தது என்று யாழை உடைக்க ஓங்கினார்.

கர்வத்துக்கு அஞ்சியவர் நிராசையின் வாயில் விழப்போன இடம் இது. சம்பந்தர் யாழைக் கையில் வாங்கிக்கொண்டு, சிவசக்தியின் பெருமை ஒரு கருவியில் அளவுபட்டு அடங்குமோ என்று தேற்றி, அதைத் திருப்பிக் கொடுத்து, வந்தவரையில் வாசிக்கச் சொன்னார் என்கிறது பெரிய புராணம். இதைப் படிக்கும்போது, வந்தவரையில் என்ற அந்த அனுமதி யாருக்கு அளிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். உறவினரின் புகழ்ச்சியோடு நின்றுவிட்டவனுக்கு அது அளிக்கப்படவில்லை. எட்டாததை எட்டிப் பார்த்து, கருவி தோற்று, தானும் தோற்று நின்றவனுக்கே அளிக்கப்பட்டது. அவன் எல்லையை அறிந்தவன். முட்டிப் பார்த்து அறிந்தவன். முட்டிப் பாராமலே, என் எல்லை இவ்வளவுதான் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்கிறவனுக்கு அது தன் எல்லைதானா என்பதே தெரியாதே! யாழ்ப்பாணர் அதற்குப் பிறகு வாசிப்பதை விடவுமில்லை. நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தருடைய திருமணத்தன்று எழுந்த ஜோதியில் அவரும் கலந்தார் என்று புராணம் முடிக்கிறது. அதுவரையில் அந்த யாழ் அவர் கையிலேயே இருந்தது.

வாழ்க்கையில் மற்ற காரியங்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது கடினமல்ல. நீட்டிச் சொல்ல அவசியமுமில்லை. மேடையே ஏறாமல் சிற்றூரில் ஸரளி வரிசை சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர், மாயாமாளவகௌளையின் ரிஷபம் சிஷ்யையின் குரலில் நிலைக்கிறவரையில் ஜண்டை வரிசைக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தால், பெற்றோர் முணுமுணுத்தாலும் அவர் உத்தமர் வரிசையில்தான் இருக்கிறார். மார்கழி விடியலில் வீதி பஜனையில் தொண்டை கட்டிய குரலில் பாடிக்கொண்டு போகிற குமாஸ்தாவை இந்த விசாரத்துக்குள் இழுப்பதே தகாது. அவர் சங்கீதம் பாடவில்லை, நாமம் சொல்கிறார். வித்வான் என்ற பெயரை ஏற்றுக்கொண்டு, அந்தப் பெயருக்குரிய கடனை மட்டும் தள்ளிப்போடுகிறவரைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொரு வகையினரும் உண்டு. பல வருஷங்கள் முறையாகச் சிக்ஷை பெற்று, யாழ்ப்பாணரைப்போல ஒருநாள் முட்டிப் பார்த்து, தமக்கு இது கூடவில்லை என்று கண்டு, கச்சேரி செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கேட்கிறவர்களாக அமைந்தவர்கள். அவர்களை யாரும் தோற்றவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சபையில் நல்ல ரசிகர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆலாபனையில் வித்வானுக்குச் சுலபமாகத் தப்பித்துக்கொண்டு போக ஒரு வழி இருந்தது, கைதட்டலும் அதில்தான் காத்திருந்தது, அவர் அதை எடுக்காமல் கடினமான வழியிலேயே போனார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஏனெனில் அந்த இடத்தில் அவர்களும் ஒரு காலத்தில் நின்று திகைத்திருக்கிறார்கள். பாடுகிறவருக்கும் அவர்கள் மூன்றாம் வரிசையில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும், அவர்கள் தலையசைக்காவிட்டால் எவ்வளவு கரகோஷம் எழுந்தாலும் அவருக்கு உள்ளூர உறுத்தும். அவர்களை நாம் அடையாளம் கண்டுகொள்வதும் சிரமமல்ல. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் காண்டீனை நோக்கிப் புறப்படும் கூட்டத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.